பரண் எங்கே கட்டுவது?

அமெரிக்காவில் மான் வேட்டைக்காரர்கள் தங்கள் காட்டை எந்த மாதத்தில் உன்னிப்பாகப் பார்க்கிறார்கள் என்று கேட்டால் நாமெல்லாம் வேட்டை சீசன் மாதத்தைத்தான் சொல்வோம். அது தப்பு. சீசன் அங்கே இலையுதிர் காலத்தில் ஆரம்பித்து குளிரில் முடிந்துவிடும். அது முடிந்த பிறகு, பிப்ரவரி, மார்ச்சில், துப்பாக்கியோ வில்லோ இல்லாமல் வெறுங்கையோடு காட்டைச் சுற்றி வருவார்கள். மரங்களில் இலை இருக்காது. போன சீசனில் மான் நடந்த ஒற்றையடிப் பாதை, கொம்பைத் தேய்த்த மரம், படுத்த இடம் எல்லாம் அப்போது பளிச்சென்று தெரியும். அதைப் பார்த்துத்தான் அடுத்த வருடம் எந்த மரத்தில் பரண் கட்டுவது என்று முடிவு செய்வார்கள். வேட்டை நாளில் சுடுவது ஒரு நிமிட வேலை. இந்த நடைதான் மிச்ச வருடத்து வேலை.

"தாம்பரத்தில் உட்கார்ந்துகொண்டு இவனுக்கு எதற்கு மான் வேட்டை?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வேட்டையாடச் சொல்லவில்லை. இந்தியாவில் அது குற்றம், குற்றமாகவே இருக்கட்டும். 1972-ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உரிமம் வாங்கி வேட்டையாட முதலில் கொஞ்சம் வழி இருந்தது. 1991 திருத்தம் அதையும் எடுத்துவிட்டது. காட்டில் விழுந்து கிடக்கும் கொம்பை எடுத்து வந்து ஹாலில் மாட்டினால்கூட வில்லங்கம்தான். (அமெரிக்காவில் விழுந்த கொம்பு பொறுக்குவது ஒரு பெரிய பொழுதுபோக்கு. இங்கே யாரும் முயற்சி செய்ய வேண்டாம்.)

நான் சொல்ல வருவது வேறு. வேட்டையை நிறுத்தினோம், சரி. வேட்டைக்காரனிடம் இருந்த ஒரு படிப்பையும் அதோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிட்டோம். நிலத்தைப் பார்த்து "மான் இங்கிருந்து வரும், இந்த வழியாகப் போகும், இந்த இடத்தில் நிற்கும்" என்று சொல்கிற படிப்பு அது. இன்று நம் பக்கத்து மான்களுக்கு அந்தப் படிப்பு தெரிந்த ஆள் அவசரமாகத் தேவைப்படுகிறார்.

நம் பக்கத்தில் மானா என்று வெளியூர் நண்பர்கள் ஆச்சரியப்படலாம். தாராளமாக இருக்கிறது. கிண்டி தேசியப் பூங்கா சுமார் 2.7 சதுர கிலோமீட்டர்தான். பக்கத்தில் 1959-ல் வந்த ஐஐடி வளாகமும் அதே காட்டிலிருந்து பிரித்துக் கொடுத்த நிலம். இரண்டிலும் புள்ளிமானும் உண்டு, வெளிமானும் உண்டு. தாம்பரத்தில், 1937-ல் சென்னையிலிருந்து இங்கே குடிவந்த கிறிஸ்தவக் கல்லூரியின் வளாகத்தில் புதர்க்காடும் புள்ளிமானும் இருப்பது நம்மில் பாதிப் பேருக்குத் தெரியும். இன்னும் தெற்கே போனால் வண்டலூர் காடு. 1985-ல் அதற்குள் உயிரியல் பூங்காவைத் திறந்தார்கள். கூண்டில் இல்லாமல் அந்தக் காட்டில் தாமாகத் திரிகிற புள்ளிமான்களும் அங்கே உண்டு. இந்தக் காட்டின் ஒரு ஓரத்தில் ஜிஎஸ்டி சாலை, இன்னொரு ஓரத்தில் வண்டலூர்-கேளம்பாக்கம் சாலை, மற்ற பக்கங்களில் நெடுங்குன்றம், கொளப்பாக்கம் என்று வளர்ந்துகொண்டே போகும் குடியிருப்புகள். 2021-ல் தாம்பரம் மாநகராட்சி ஆனது. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கத்தில் பேருந்து முனையம் திறந்தார்கள். அதற்குப் பிறகு அந்த ஓரத்தில் ராத்திரி என்று ஒன்று கிடையாது.

இந்த இடங்களிலிருந்து வெளியே வரும் மான் என்ன ஆகிறது என்பதை மாதத்துக்கு ஒரு முறையாவது பேப்பரில் ஓரமாகப் பார்க்கலாம். வண்டியில் அடிபட்டிருக்கும், இல்லாவிட்டால் நாய் கடித்திருக்கும். இறந்த மானின் வயிற்றை அறுத்தால் பிளாஸ்டிக் வருகிறது. அன்றைக்கு எல்லோரும் "ஐயோ பாவம்" என்போம். வேகத்தடை போடு, சுவர் கட்டு, தண்ணீர்த் தொட்டி வை என்று யோசனைகள் பறக்கும். சரி, எந்த இடத்தில் போடுவது? எங்கே கட்டுவது? எங்கே வைப்பது? இந்தக் கேள்விகளுக்குப் பதில் ஆபீசில் இருக்கும் வரைபடத்தில் கிடைக்காது. மண்ணில்தான் கிடக்கிறது.

பழைய ஷிகாரிகள் இதை எப்படிப் படித்தார்கள் என்று கொஞ்சம் பார்ப்போம். (எனக்கு இந்த விஷயத்தில் பிடித்த பகுதியே இதுதான். போரடித்தால் அடுத்த பத்திக்குத் தாவிவிடுங்கள்.) பெங்களூரில் இருந்துகொண்டு சேலம், தர்மபுரி, கோயம்புத்தூர் காடுகளில் திரிந்த கென்னத் ஆண்டர்சன் எழுதியதைப் படித்தவர்களுக்குத் தெரியும். பரணில் உட்காரும் ராத்திரியைவிட, அதற்கு முன்னால் உள்ளூர்க் காட்டுவாசிகளோடு தடம் பார்த்து நடக்கும் பகல்கள்தான் முக்கியம். அவர் தேடியது புலியும் சிறுத்தையும். மானுக்கும் கணக்கு ஏறக்குறைய அதேதான். மானுக்கு மூன்று இடம் உண்டு. மேயும் இடம், தண்ணீர் குடிக்கும் இடம், வெயிலில் ஒதுங்கிப் படுக்கும் இடம். இந்த மூன்றையும் கண்டுபிடிப்பது ஆரம்பப் பாடம். மூன்றுக்கும் நடுவே உள்ள வழியைக் கண்டுபிடிப்பதுதான் நிஜமான வேலை. அந்த வழி எல்லா இடத்திலும் ஒரே அகலமாக இருக்காது. ஒரு பக்கம் பாறையும் மறுபக்கம் அடர்ந்த முள்ளும் வந்தால் நடுவில் நாலடி இடுக்கு மிஞ்சும். மொத்தக் கூட்டமும் அதில் நுழைந்துதான் வெளியே வர வேண்டும். வேட்டைக்காரன் பரண் கட்டுவது அங்கேதான். படுக்கும் இடத்துக்கு மேலேயே கட்டினால் மான் ஒரே நாளில் இடத்தைக் காலி செய்துவிடும்.

நம் ஊரில் அந்த இடுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு பக்கம் காம்பவுண்டு சுவர், மறு பக்கம் புது லே-அவுட்டின் முள்கம்பி. நடுவே மழைநீர்க் கால்வாய். அவ்வளவுதான்!

அடையாளங்கள் என்னென்ன? குளம்புச் சுவடு முதலாவது. இதில் நம் பக்கத்தில் ஒரு தொல்லை உண்டு. ஏரிக்கரையிலும் புதரிலும் ஆடு மேய்கிறது, ஆட்டுக் குளம்பும் பிளவுபட்டதுதான். மானின் சுவடு ஒடுக்கமாக, முனை கூர்மையாக இருக்கும். ஆட்டுடையது மொண்ணையாக இருக்கும். ஒரே ஒரு சுவட்டை வைத்துச் சத்தியம் செய்யக் கூடாது, வரிசையாகப் பத்து பார்த்தால்தான் பேச வேண்டும். அடுத்தது புழுக்கை. புழுக்கைக் குவியல்களை எண்ணி மானின் அடர்த்தியைக் கணக்கிடும் முறை காட்டுயிர் ஆய்வில் இன்றும் இருக்கிறது, முகம் சுளிக்காதீர்கள். அப்புறம் கடிபட்ட உயரம். புள்ளிமான் எட்டும் உயரம் வரை செடியில் தளிர் இருக்காது, அதற்கு மேலே பச்சையாக இருக்கும். யாரோ கத்தரித்துவிட்ட மாதிரி ஒரு கோடு. கிடா மான் கொம்பைத் தேய்த்த மரத்தில் பட்டை உரிந்திருக்கும். களா, காரை, சூரை என்று முள் அடர்ந்த புதர்களுக்கு அடியில் வட்டமாகப் புல் அமுங்கிக் கிடந்தால் அது படுக்கை. தூங்குமூஞ்சி மரத்தடியிலும் சீமைக் கருவேலத்தடியிலும் காய் விழும் காலத்தில் போய்ப் பார்க்க வேண்டும். சீமைக் கருவேலத்தை நாம் எவ்வளவு திட்டினாலும் மான் அதன் காயை விட்டுவைப்பதில்லை. குரங்கு இருக்கும் ஆலமரத்தடியும் அப்படித்தான். மேலே இருப்பவர் தின்பதைவிடக் கீழே சிந்துவது அதிகம்.

இனி சீசன் விஷயம். என் வாதமே இதில்தான் இருக்கிறது. நாம் மானைப் பற்றி யோசிக்கும் மாதம் மே. வெயில் கொளுத்தும், குளம் வற்றும், மான் வெளியே வரும், செய்தி வரும். மே மாதத்தில் நிலத்தைப் பார்த்தால் தெரிவது ஒரே ஒரு விஷயம். மிச்சமிருக்கும் தண்ணீர் எங்கே என்பது. எல்லாத் தடமும் அங்கேயே போகும். அது தாகத்தின் வரைபடம். மற்ற மாதங்களில் மான் எங்கே நடக்கிறது என்று அதில் தெரியாது. காய்ந்த கட்டாந்தரையில் சுவடும் பதியாது.

நமக்கான பார்க்கும் காலம் ஜனவரி, பிப்ரவரி என்பேன். வடகிழக்குப் பருவமழை டிசம்பரோடு ஏறக்குறைய முடிந்திருக்கும். மண் ஈரமாக இருந்து மெதுவாக இறுகும். அதில் பதிந்த குளம்பு அச்சு வாரக்கணக்கில் நிற்கும். புல் இடுப்பளவு வளர்ந்திருப்பதால் அதற்குள் போகும் ஒற்றையடிப் பாதை வகிடு எடுத்த மாதிரி தெரியும். அமெரிக்காக்காரனுக்கு இலை உதிர்ந்தால் பாதை தெரிகிறது, நமக்குப் புல் வளர்ந்தால் தெரிகிறது. அவ்வளவுதான் வித்தியாசம். தண்ணீர் எங்கும் கிடைக்கும் காலம் என்பதால், மான் அப்போது போகும் வழி கட்டாயத்தால் போகும் வழி கிடையாது. அதற்குப் பிடித்த வழி. அதே இடத்தை மே மாதம் மறுபடி பார்த்து இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்தால்தான் முழுப் படம்.

இது தெரியாமல் தொட்டி கட்டினால் என்ன ஆகும் என்று பாருங்கள். தண்ணீர் லாரி சுலபமாகப் போய்ச் சேரும் இடம் ரோட்டோரம். தொட்டியை அங்கே வைத்தால் உள்ளே படுத்திருக்கும் மானை நாமே கூப்பிட்டு ரோட்டுக்குக் கொண்டுவருகிறோம். புண்ணியம் செய்யப் போய் லாரிச் சக்கரத்துக்குப் பலி கொடுப்பதுதான் மிச்சம். படுக்கைக்கும் மேய்ச்சலுக்கும் நடுவே, ரோட்டுக்கு எதிர்ப் பக்கமாக அதே தொட்டியை வைத்தால் அதே காசு, அதே தண்ணீர், மான் வெளியே வர ஒரு காரணம் குறையும். சுவரும் அப்படியே. மானின் வழியைக் குறுக்கே அடைத்துவிட்டால் மான் நின்றுவிடாது. சுவர் எங்கே முடிகிறதோ அங்கே சுற்றி வரும். பெரும்பாலும் அந்த முனையில் ஒரு தெருவும் ஒரு குப்பைத் தொட்டியும் நாலு நாயும் இருக்கும்.

பரணை வைத்துச் சுடுவதற்குப் பதில் எண்ணுவது நம் நாட்டில் ஏற்கெனவே நடக்கிறது. மகாராஷ்டிரத்தில் தடோபா, மேல்காட் காடுகளில் புத்த பூர்ணிமா ராத்திரி பொதுமக்களைத் தண்ணீர்க் கரைப் பரண்களில் உட்கார வைக்கிறார்கள். நிலா வெளிச்சத்தில் வருகிற போகிற விலங்குகளை விடிய விடியக் குறித்துக்கொள்ள வேண்டும். அது கறாரான அறிவியல் கணக்கெடுப்பு ஆகாது. ஒரு அனுபவம், அவ்வளவுதான் என்று அவர்களே சொல்கிறார்கள். ஆனால் ஒரு ராத்திரி வாயை மூடிக்கொண்டு பரணில் உட்கார்ந்தவன் அதற்குப் பிறகு காட்டைப் பார்க்கும் பார்வையே வேறு.

சென்னையில் பரண் போட்டால் எந்தப் பக்கம் போடுவது? இதில் ஒரு சுவாரஸ்யம் இருக்கிறது. மானுக்கு மூக்குதான் முதல் காவல். காற்று மானிடமிருந்து நம் பக்கம் வீச வேண்டும். வெயில் கண்ணில் படாமல் முதுகில் பட வேண்டும். கோடையில் நம் ஊரில் மதியத்துக்கு மேல் கிழக்கிலிருந்து கடற்காற்று. ஆகவே சாயங்காலம் குளத்துக்கு மேற்கே உட்கார்ந்தால் காற்று முகத்தில், இறங்குகிற சூரியன் முதுகில். காலையில் காற்று நிலத்திலிருந்து, மேற்கிலிருந்து. அப்போது குளத்துக்குக் கிழக்கே உட்கார வேண்டும், சூரியன் மறுபடி முதுகில்தான். காற்றும் வெயிலும் இப்படி ஒத்துப்போவது கடற்கரை ஊருக்குக் கிடைத்த வரம். ஆனால் இதிலும் ஒரு கொக்கி. சாயங்காலம் நீங்கள் உட்காரும் அந்த மேற்குப் பக்கத்தில்தான் மான் படுக்கும் புதர் இருக்கிறது என்றால், உங்கள் வாடை நேராக அதன் மூக்குக்குப் போகும், அன்றைக்கு அது தண்ணீருக்கே வராது. எண்ணிக்கை பூஜ்யம் என்று எழுதிவிட்டு வருவீர்கள்! படுக்கை எங்கே என்று ஜனவரியிலேயே பார்த்து வைத்தவனுக்கு இந்தச் சங்கடம் கிடையாது.

"இந்தக் காலத்தில் கேமரா இருக்கிறதே, ஆள் எதற்கு?" என்று நம் வகுப்பிலேயே கேட்டார்கள். கேமராவுக்குக் கால் இல்லை. அதை எந்த மரத்தில் கட்டுவது என்று ஒருவர் முடிவு செய்தாக வேண்டும். பரண் எங்கே கட்டுவது என்ற அதே கேள்வி, பெயர்தான் வேறு. 2006 முதல் நாலு வருடத்துக்கு ஒரு முறை நடக்கும் தேசியப் புலிக் கணக்கெடுப்பில்கூட முதலில் வனக் காவலர்கள் நடந்து போய்த் தடம், எச்சம் பார்க்கிறார்கள். தானியங்கிக் கேமரா அதற்குப் பின்னால்தான் வருகிறது.

இன்னொரு ஆட்சேபம் கனமானது. மான் போகும் வழியைக் குறித்து வைத்தால் அது கண்ணி வைக்கிறவன் கையில் கிடைக்காதா? கிடைக்கும். அதனால் அந்த வரைபடம் பொதுவில் போகக் கூடாது. வனத்துறையிடமும் வளாக நிர்வாகத்திடமும் இருந்தால் போதும். ஃபோட்டோ எடுத்து இடப் பெயரோடு ஊருக்கெல்லாம் காட்டும் ஆசை உள்ளவர்கள் இந்த வேலைக்கு வேண்டாம். அதே சமயம் ஒன்றை மறக்கக் கூடாது. கண்ணி வைக்கிறவனுக்கு அந்த வழி ஏற்கெனவே தெரியும். இப்போதைக்கு அது தெரிந்தவன் அவன் மட்டும்தான் என்பதுதான் பிரச்சினை. சுருக்குக் கம்பியை அவன் கட்டுவதும் நான் மேலே சொன்ன நாலடி இடுக்கில்தான். அந்த இடுக்கு எங்கே என்று தெரிந்த காவலர் அதைத் தினம் ஒரு நடை பார்த்துவிட்டு வரலாம்.

சரி, படிப்பை யாரிடம் கற்பது? இங்கேதான் நாம் வெட்கப்பட வேண்டும், ஏனென்றால் ஆசிரியர்கள் நம் மாவட்டத்திலேயே இருக்கிறார்கள். பாம்புத் தோல் வியாபாரம் சட்டத்தால் நின்றபோது அதை நம்பியிருந்த இருளர்கள் தவித்துப்போனார்கள். 1978-ல் கிழக்குக் கடற்கரைச் சாலை வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் ஆரம்பமானது. பாம்பைக் கொன்று தோலை உரித்த அதே கை, பாம்பைப் பிடித்து விஷம் எடுத்துவிட்டு மறுபடி காட்டில் விடுகிறது. விஷமுறிவு மருந்து அதிலிருந்து வருகிறது. 2017-ல் இவர்களில் மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரையும் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு அழைத்துப் போனார்கள். அங்கே பெருகிவிட்ட பர்மா மலைப்பாம்புகளைக் கண்டுபிடிக்க. சில வாரங்களிலேயே இரண்டு டஜனுக்கு மேல் பிடித்துக் கொடுத்தார்கள். எந்த எந்திரமும் இல்லை. தரையைப் படித்தார்கள், புதருக்குள் போனார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ.

பாம்பு விஷயத்தில் சட்டம் தொழிலை நிறுத்தியது, ஒரு சங்கம் அந்தத் திறமைக்கு வேறு வேலை கொடுத்தது. மான் தடம் தெரிந்தவருக்கு நம் பக்கத்தில் யார் வேலை கொடுத்தார்கள்? அந்தப் பெரியவர்கள் இப்போது எங்கேயோ கட்டட வேலைக்கும் வாட்ச்மேன் வேலைக்கும் போய்க்கொண்டிருப்பார்கள். அவர்கள் போய்விட்டால் இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு புத்தகமும் இல்லை.

கல்லூரிகள் இதைச் செய்யலாம் என்று நினைக்கிறேன். விலங்கியல் துறைக்கு ஏதாவது ஒரு களப்பயணம் தேவைப்படுகிறது, பெரும்பாலும் ஊட்டிக்கோ முதுமலைக்கோ பஸ் பிடிக்கிறார்கள். ஒரு ஜனவரியில் பஸ் பிடிக்காமல் வண்டலூர் ஓரத்தில், வனத்துறை அனுமதியோடு, ஒரு இருளர் பெரியவரைக் கூலி கொடுத்து ஆசிரியராக அழைத்துக்கொண்டு நடக்கட்டும். கூலியை முதலில் பேசிவிட வேண்டும். "அனுபவத்துக்காக வாங்க ஐயா" என்று ஓசியில் கூப்பிடுவது நம்மிடம் உள்ள கெட்ட பழக்கம். அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் யாரும் நுழையக் கூடாது, அதையும் சொல்லிவிடுகிறேன். பத்துப் பேருக்கு மேல் வேண்டாம். நோட்டு, பென்சில், அளவுகோல் போதும். செருப்பு வேண்டாம், ஷூ போட்டு வரவும். சூரை முள் செருப்பை மதிக்காது.

புள்ளிமான் அதிகமாகிவிட்டது, கிண்டியில் அதைத் தின்ன சிறுத்தை இல்லை, கொஞ்சம் குறைந்தால் என்ன என்று சொல்பவர்களும் உண்டு. இருக்கலாம். அதிகமா குறைவா என்று சொல்லவும் முதலில் யாராவது நடந்து போய்ப் பார்த்திருக்க வேண்டுமே. குறைக்கும் வேலையை ஜிஎஸ்டி சாலையிடம் விட்டுவைத்திருப்பதை நான் ஒரு கொள்கையாக ஏற்கத் தயாரில்லை.

வரும் ஜனவரியில் பொங்கல் விடுமுறை முடிந்த வாரம் இதற்குச் சரியாக இருக்கும். மண்ணில் ஈரம் இருக்கும், வெயில் ஏறியிருக்காது, செமஸ்டர் பரீட்சையும் தொலைவில் இருக்கும். துறைத் தலைவரிடம் கடிதம் கொடுக்க இன்னும் நாள் இருக்கிறது. யார் வருகிறீர்கள்?